தம்புராவில் ஒரு துண்டு நூல்

வணக்கம். மொட்டை மாடியில் துணி காயப்போடும் கொடிக்கயிறு இருக்கிறதல்லவா, அதன் ஒரு முனையை அவிழ்த்துக் கையில் பிடித்து மேலும் கீழுமாக ஆட்டிப் பாருங்கள். மெதுவாக ஆட்டினால் கயிறு முழுவதும் ஒரே வயிறாக உப்பும். வேகத்தைக் கூட்டினால் நடுவில் ஓர் இடம் அசையாமல் நிற்க, இருபக்கமும் இரண்டு வயிறு. இன்னும் கூட்டினால் மூன்று. போகிற அலையும் எதிர்முனையில் முட்டித் திரும்புகிற அலையும் கலந்து ஆடும் ஆட்டம் இது. நிலை அலை என்பார்கள். அசையாத இடத்துக்குப் பெயர் கணு. கரும்பில் இருக்கிறதே, அதே கணுதான்.

கயிற்றில் இவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். மீட்டிய தந்தியில் எல்லாம் ஒரே சமயத்தில் நடக்கின்றன. மறுபடியும் சொல்கிறேன், ஒரே சமயத்தில். தம்புராவின் மந்தரத் தந்தி, அதாவது கீழ் ஸட்ஜம் (ஸ) ஒலிக்கும் தந்தி, நொடிக்கு 70 தடவை ஆடுவதாக வைத்துக்கொள்வோம். அதற்குள்ளேயே 140, 210, 280, 350 எல்லாம் ஆடிக்கொண்டிருக்கும். 140 மேல் ஸட்ஜம், 210 பஞ்சமம் (ப), 350 அந்தர காந்தாரம் (க). காந்தாரத்துக்கென்று யாரும் தந்தி கட்டவில்லை. தானாகப் பிறப்பதால் அதைச் சுயம்பு காந்தாரம் என்பார்கள்.

எனக்கு இது புரிந்த கதையைச் சொல்லியாக வேண்டும். மயிலாப்பூரில் பெரியப்பா வீட்டில் ஒரு தம்புரா. எனக்குப் பத்து வயது. தந்திகளைத் தாங்கும் கட்டைக்குக் குதிரை என்று பெயர்; அதன்மேல் ஒவ்வொரு தந்திக்கு அடியிலும் ஒரு துண்டு நூல் கிடந்தது. குப்பை என்று நினைத்து நாலையும் உருவி எறிந்துவிட்டேன். சாயங்காலம் பெரியப்பா மீட்டினார். டொங், டொங். ஜலதோஷம் பிடித்த குரல். "ஜீவாவை யாருடா எடுத்தது?" என்றார். எங்கள் தெருவில் ஜீவா என்று ஒரு பையன் இருந்தான். அவனை நான் எங்கே எடுத்தேன் என்று விழித்தேன். அந்த நூலுக்குத்தான் ஜீவா என்று பெயராம்! பெரியம்மாவின் பூக்கட்டும் நூலில் கொஞ்சம் கிள்ளித் தந்திக்கடியில் செருகி, முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே மீட்டினார். ஓரிடம் வந்ததும் வண்டுக்கூட்டம் கிளம்பியதுபோல் கூடம் முழுக்க ரீங்காரம்.

தம்புராக் குதிரையின் மேல்பக்கம் கூரானதல்ல, லேசான வளைவு. நூல் ஒரு மயிரிழை தூக்கிவிடுவதால், தந்தி ஒவ்வொரு ஆட்டத்திலும் அந்த வளைவைத் தொட்டுத் தொட்டு எழும்புகிறது. மேல் சுரங்களுக்குத் தீனி அங்கேதான். தந்தியை ஒரு கணுவில் மீட்டினால் அந்தக் கணுவுக்குரிய சுரம் எழக்கூடாது என்பது ஐரோப்பியர் வகுத்த விதி. வீணையிலும் தம்புராவிலும் அது எழுகிறதே என்று 1921-ல் எழுதியவர், நம் மாநிலக் கல்லூரியில் படித்த சி. வி. ராமன். இப்போது கைபேசியிலேயே தம்புரா ஒலிக்கிறது. சபா ஏ.சி.யில் சுருதி கலையாது, சௌகரியம்தான். எனக்கென்னவோ நூலை நகர்த்தாமல் கை பரபரக்கிறது.

அப்புறம் வயலின் வில்லைப் பற்றி... ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இன்னும் ஒரு நிமிடம்தான் என்று ஒற்றை விரலைக் காட்டுகிறார்கள். சரி, இது மட்டும். வயலின் தெரிந்தவர் யாராவது இருந்தால், தந்தியின் நட்டநடுவில் விரலை அழுத்தாமல், பட்டும் படாமலும் வைத்து வில் போடச் சொல்லுங்கள். மேல் ஸ்தாயி விசில் மாதிரி வரும். விரல் இருக்கும் இடம் கணு. வணக்கம்.