டிராகுலா வெயில்ல சாகமாட்டாரு! பேய் நாவல்கள்: எதைப் படிக்கலாம், எங்க தாண்டலாம்?

[காட்சி: கடலூர் சில்வர் பீச், உச்சி வெயில்]

கத்திரி வெயில், மதியம் ரெண்டு மணி. சில்வர் பீச் மணல்ல கால் வெக்க முடியல. இந்த நேரத்துல டிராகுலா பிரபு இங்க வந்து சுண்டல் வாங்கினா என்ன ஆகும்? ஒண்ணும் ஆகாது. உள்ளங்கால் சுடும், அவ்வளவுதான். (சுண்டலைத் தின்னமாட்டாரு, அது வேற விஷயம்.) வெயில் பட்டு ஒழிஞ்சு போறதெல்லாம் 1922ல ஜெர்மனியில எடுத்த ஒரு ஊமைப்படம் கிளப்பிவிட்ட கதை. பிராம் ஸ்டோக்கர் 1897ல வெளியிட்ட நாவல்ல, மனுஷன் லண்டன் பிக்கடில்லி தெருவுல பகல்லயே நின்னு ஒரு பொண்ணை வெறிச்சுப் பாத்துக்கிட்டிருக்காரு. பகல்ல சக்தி குறையும், நினைச்ச நேரத்துல உருவம் மாற முடியாது. மத்தபடி குடை கூடத் தேவையில்ல.

சாகுறது எப்படின்னா, கத்தியால. ஒருத்தர் கழுத்துல, இன்னொருத்தர் நெஞ்சுல. கழுத்துல விழுற கத்தி எது தெரியுமா? குக்ரி! நம்ம ஊர் ராத்திரி விசில் ஊதிக்கிட்டு வர்ற கூர்க்கா இடுப்புல இருக்குமே, அதே ரகம்.

வணக்கம் மக்களே. இன்னைக்கு நாலு புத்தகம், மனசுல பட்டதை அப்படியே. கதை முடிவெல்லாம் உடையும், இப்பவே சொல்லிட்டேன்.

[காட்சி: கோட்டைப் படம், மெதுவா நெருங்குது]

டிராகுலா மொத்தம் 27 அத்தியாயம். முதல் நாலையும் ஒரே உக்காரல்ல முடிச்சிடுங்க. கோட்டையில மாட்டிக்கிட்ட ஜோனதன் ஹார்க்கரோட டைரி அது. இந்தப் பகுதியில குலை நடுங்க வைக்கிற இடம்னு எதைச் சொல்வீங்க? சுவத்துல தலைகீழா பல்லி மாதிரி இறங்குறதையா? என் ஓட்டு, பிரபு படுக்கை விரிக்கிற இடத்துக்குத்தான். ஹார்க்கர் சத்தமில்லாம தன் அறைக்கு வந்து பாக்குறான், பிரபு மெத்தையைச் சரிபண்ணிக்கிட்டு இருக்காரு. அப்புறம் கதவுக் கீல் இடுக்கு வழியா பாத்தா, சாப்பாட்டு மேஜையும் அவரேதான் எடுத்து வைக்கிறாரு. அவ்வளவு பெரிய கோட்டையில வேலைக்காரன் ஒருத்தன் கூடக் கிடையாது! அப்போ ஹார்க்கருக்கு வறுத்த கோழி யார் வெச்சது? ராத்திரி மலைப்பாதையில, கையை ஆட்டினதும் ஓநாய்க்கூட்டம் ஒதுங்கிச்சே, அந்த வண்டிக்காரன் யாரு? எல்லாம் ஒரே ஆள். ஒரு பாய் தலகாணி வேலையை வெச்சு முதுகுத்தண்டு சில்லிட வைக்கிறாரு பாருங்க, அது எழுத்து.

ஏழாவது அத்தியாயத்துல, டிராகுலா ஏறி வர்ற கப்பலோட குறிப்பேட்டையும் விட்டுடாதீங்க. மாலுமிங்க ஒவ்வொருத்தரா காணாம போறாங்க, கடைசியில கேப்டன் தன் கையைச் சுக்கான் சக்கரத்தோட சேத்துக் கட்டிக்கிட்டுச் சாகுறாரு. கடலூர் முதுநகர் பக்கம் கடலுக்குப் போறவங்க வீட்டுல இதை ராத்திரி படிக்காதீங்க, தூக்கம் போயிடும்.

அதுக்கப்புறம் வேகம் குறையுது. டிராகுலா ரத்தம் குடிச்ச லூசிங்கிற பொண்ணுக்கு நாலு ஆம்பளைங்க ஒருத்தர் மாத்தி ஒருத்தர் ரத்தம் குடுக்குறாங்க. என்ன குரூப்புன்னு ஒருத்தரும் கேக்கல! எப்படிக் கேப்பாங்க, ரத்த வகையை லாண்ட்ஸ்டைனர் கண்டுபிடிச்சது 1901ல, நாவல் வந்து நாலு வருஷம் கழிச்சு. சேராத ரத்தம் ஏறினா சிவப்பணு உடையும், சிறுநீரகம் அடிபடும், ஆளே போயிடலாம். ஜிப்மர்ல ரத்த வங்கியில வேலை பாக்குறவங்க இந்த அத்தியாயத்தைப் படிச்சா, கொலைகாரன் டிராகுலாவா, ரத்தம் ஏத்துற டாக்டர் வான் ஹெல்சிங்கான்னு பட்டிமன்றமே வெப்பாங்க. கடைசி மூணு நாலு அத்தியாயம் ரயில் நேரம், படகு நேரம், குதிரை நேரம். வேகமாப் புரட்டலாம், தப்பில்ல.

பிராங்கன்ஸ்டைன், 1818, மேரி ஷெல்லி: சினிமாவுல வர்ற மின்னல் இயந்திரம் புத்தகத்துல கிடையாது, பூதத்துக்குப் பேரும் கிடையாது, ஆட்டையெல்லாம் கொல்லமாட்டேன், கொட்டையும் பழமும் போதும்னு அதுவே பேசுது. பூதம் பேசுற அத்தியாயங்கள் தங்கம், அதைச் செஞ்ச விக்டர் புலம்புற பக்கங்கள் அறுவை.

[காட்சி: புதுச்சேரி கடற்கரைச் சாலை, இரவு]

இப்ப என் செல்லம். பிரெஞ்சுக்காரர் மாப்பசான் எழுதின 'லெ ஓர்லா'. நீளம் ரொம்பக் கம்மி, ஒரே ராத்திரியில முடிஞ்சிடும். 1886ல ஒரு வடிவம், 1887ல டைரி வடிவம். டைரியைத்தான் எடுக்கணும்.

தனியா இருக்கிற ஒரு பணக்காரர். தூங்கி எழுந்தா, பக்கத்துல வெச்ச தண்ணி காலி. நம்ம ஊரா இருந்தா 'மே மாசம், தூக்கத்துல எழுந்து குடிச்சிருப்பே'ன்னு விட்டுருவோம். அவர் சோதனை பண்றாரு, அதுவும் எவ்வளவு ஒழுங்கா! ஜூலை 6: ஒயின், பால், தண்ணி, ரொட்டி, ஸ்ட்ராபெர்ரி. காலையில தண்ணி மொத்தமும் போச்சு, பால்ல கொஞ்சம் போச்சு, மத்ததெல்லாம் வெச்சது வெச்சபடி. 7: அதே சோதனை, அதே முடிவு. 8: தண்ணியையும் பாலையும் எடுத்துட்டாரு, எதுவும் குறையல. 9: தண்ணியும் பாலும் மட்டும், குடுவைகளை வெள்ளை மஸ்லின் துணியால சுத்தி, மூடியைக் கயிறு போட்டுக் கட்டி, தன் உதட்டுல, தாடியில, கையில எல்லாம் பென்சில் கரியைத் தேய்ச்சுக்கிட்டுப் படுக்குறாரு. தான்தான் எழுந்து குடிச்சா துணியில கறை படணுமில்ல? முழிச்சுப் பாக்குறாரு. துணி வெள்ளை வெளேர். கயிறை அவுத்தா, உள்ள ஒரு சொட்டு இல்ல.

பேயைக் காட்டவே இல்ல மக்களே! கறை படாத துணியைக் காட்டுறாரு. இதுக்கு மேல என்ன வேணும்?

ஜூலை 14க்கும் ஒரு பதிவு இருக்கு, பிரான்ஸ் குடியரசு விழா. புதுச்சேரியில இன்னைக்கும் கொண்டாடுற அதே நாள். கொண்டாடுற கூட்டத்தை முட்டாள் மந்தைன்னு திட்டுறாரு, பாண்டிக்காரங்க கோவிச்சுக்காதீங்க. குறையும் உண்டு: பிற்பகுதியில பிரேசில்ல இப்படி ஒரு நோய் பரவுதுன்னு பத்திரிகைச் செய்தி வந்து விளக்கம் குடுக்குது. விளக்கம் வந்ததும் பயம் பாதியாயிடுச்சு. ஆனா கடைசியில அந்த 'அது'வை உள்ள பூட்டி வீட்டுக்கே தீ வெச்சிட்டு, வேலைக்காரங்க உள்ள இருக்காங்கன்னு மறந்துபோறாரே... அந்த ஒரு பக்கத்துக்காக எல்லாத்தையும் மன்னிச்சாச்சு. பள்ளியில பிரெஞ்சு எடுத்த பாண்டிப் பசங்க மூலத்துலயே முயற்சி பண்ணலாம்.

கற்பனை நாவல்னா உர்சுலா லெ குவின், 1968, 'எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ'. ஒரு பொருளோட உண்மையான பேர் தெரிஞ்சாத்தான் மந்திரம் பலிக்கும். ராத்திரியில பேர் சொல்லிக் கூப்பிட்டா உடனே பதில் சொல்லாதேன்னு வளர்ந்த நமக்கு இது சட்டுனு புரியும். நடுவுல தீவு தீவா படகுல சுத்துறது கொஞ்சம் இழுவை. ஆனா ஒரு விதி சூப்பர்: ரோக் தீவுல மழை வரவழைச்சா ஆஸ்கில் தீவுல வறட்சி வரலாம். நவம்பர் ஆனா வானிலை மேப்பையே முறைச்சுப் பாக்குற கடலூர்க்காரங்களே, அந்த மந்திரவாதி கையில கிடைச்சா புயலை எந்த ஊருக்குத் தள்ளுவீங்க? கமெண்ட்ல போடுங்க. சென்னைன்னு எழுதினா பின் பண்ணமாட்டேன், பாதி சப்ஸ்கிரைபர் அங்கதான் இருக்காங்க.