ஜூன் 25: லார்ட்ஸில் இரண்டு சனிக்கிழமைகள், டெல்லியில் ஓர் இரவு

[திரை: ஜூன் 25 நாள்காட்டித் தாள். பின்னணி இசை இல்லை.]

குரல்: வணக்கம். ஜூன் 25 என்றதும் கிரிக்கெட் ரசிகருக்குக் கபில்தேவ் கையில் இருந்த கோப்பை ஞாபகம் வரும். அரசியல் பேசுகிறவருக்கு நெருக்கடி நிலை. இரண்டுமே சரி. ஆனால் "வரலாற்றில் இன்று" பட்டியல்களில் ஒரே வரியில் போட்டுவிட்டுத் தாண்டிப் போகிற இந்தத் தேதியில், அந்த ஒரு வரிக்குள் அடங்காத சங்கதி நிறைய இருக்கிறது. எந்த ஊர் மணிப்படி 25? நடந்ததில் எந்தக் கட்டம் 25-இல் வருகிறது? இந்த இரண்டு கேள்வியையும் கேட்டுக்கொண்டே போவோம்.

[திரை: 1932, லார்ட்ஸ் மைதானம், கருப்பு வெள்ளைப் படம்]

குரல்: முதலில் லண்டன். 1932 ஜூன் 25, சனிக்கிழமை. இந்தியா ஆடிய முதல் டெஸ்ட் போட்டி அன்றுதான் தொடங்கியது. இந்திய அணித் தலைவர் சி.கே. நாயுடு, இங்கிலாந்துக்கு டக்ளஸ் ஜார்டின். இங்கிலாந்து முதலில் மட்டை பிடித்தது. தொடக்க ஆட்டக்காரர்கள் சட்கிளிஃபும் ஹோம்ஸும் அதே மாதம் யார்க்‌ஷயர் அணிக்காக முதல் விக்கெட்டுக்கு 555 ரன் சேர்த்தவர்கள். அந்த இருவரின் ஸ்டம்பையும் முகமது நிசார் பெயர்த்தார். சட்கிளிஃப் 3, ஹோம்ஸ் 6. அடுத்து வூலி ரன் அவுட். 19 ரன்னுக்கு 3 விக்கெட். டெஸ்ட் ஆட்டத்துக்கே புதிதாக வந்த அணிக்கு இதைவிட நல்ல காலைப்பொழுது அமைந்திருக்க முடியாது.

அதன் பிறகு ஜார்டின் 79 எடுத்து அணியை நிமிர்த்தினார். இங்கிலாந்து 259, இந்தியா 189. இரண்டாம் இன்னிங்ஸில் இங்கிலாந்து 8 விக்கெட்டுக்கு 275 எடுத்து டிக்ளேர் செய்தது. இந்தியா 187-க்குச் சுருண்டது. 158 ரன்னில் தோல்வி. நிசாருக்கு 93 ரன்னுக்கு 5 விக்கெட். ஒன்பதாவதாக இறங்கி 51 அடித்த அமர் சிங்தான் டெஸ்டில் அரைசதம் எடுத்த முதல் இந்தியர்.

[திரையில் எழுத்து: ஜூன் 25, 27, 28]

குரல்: சில பட்டியல்களில் இது "ஜூன் 25 முதல் 28 வரை" என்று இருக்கும். அதைப் பார்த்து நான்கு நாள் ஆட்டம் என்று எண்ண வேண்டாம். மூன்று நாள் ஆட்டம்தான். 26 ஞாயிறு, அன்று ஓய்வு.

[திரை: 1983, அதே மைதானம், வண்ணத்தில்]

குரல்: சரியாக 51 ஆண்டு கழித்து, அதே மைதானம், அதே ஜூன் 25, அன்றும் சனிக்கிழமை. உலகக் கோப்பை இறுதி ஆட்டம். எதிரணி, 1975, 1979 இரண்டு கோப்பையையும் வென்ற வெஸ்ட் இண்டீஸ்.

இன்றைய கணக்கில் இந்த ஆட்டத்தைப் பார்த்தால் குழப்பமாக இருக்கும். அப்போது இன்னிங்ஸுக்கு 60 ஓவர், ஒரு பந்துவீச்சாளருக்கு அதிகபட்சம் 12 ஓவர். வெள்ளை உடை, சிவப்புப் பந்து. இந்தியா 54.4 ஓவரில் 183 ஆல் அவுட். ஓவருக்கு மூன்றரை ரன்கூட இல்லை. அணியில் யாரும் அரைசதம் அடிக்கவில்லை. அதிகபட்சம் நம் சென்னை ஸ்ரீகாந்த் எடுத்த 38. ஆண்டி ராபர்ட்ஸ் பந்தில் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி அவர் அடித்த ஸ்கொயர் டிரைவ், அந்த இறுதி ஆட்டம் பற்றிப் பேசும்போதெல்லாம் வந்துவிடும்.

[திரை: பந்துவீச்சு அட்டவணை]

குரல்: இந்த அட்டவணையைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். ராபர்ட்ஸ், கார்னர், மார்ஷல், ஹோல்டிங் நால்வரும் சேர்ந்து 42.4 ஓவரில் கொடுத்தது 106 ரன். மீதி 12 ஓவரைக் கோம்ஸும் ரிச்சர்ட்ஸும் போட்டார்கள். அதில் போனது 57 ரன். முதல் கணக்கில் ஓவருக்கு இரண்டரை, இரண்டாவதில் ஏறக்குறைய ஐந்து. கோம்ஸ் கபிலையும் யஷ்பாலையும் எடுத்தார், அதை மறைக்கவில்லை. இருந்தாலும் முழுநேர ஐந்தாவது பந்துவீச்சாளர் இல்லாததுதான் அந்த அணியின் ஓட்டை. கடைசி விக்கெட்டுக்குக் கிர்மானியும் சந்துவும் சேர்த்த 22 ரன்னையும் இதோடு வையுங்கள். ஆட்டம் முடிந்தபோது இடைவெளி 43 ரன்தான்.

வெஸ்ட் இண்டீஸ் இன்னிங்ஸில் முதலில் போனது கிரீனிட்ஜ். வெளியே போகும் என்று அவர் ஆடாமல் விட்ட சந்துவின் பந்து உள்ளே திரும்பி ஸ்டம்பைத் தட்டியது. பிறகு ரிச்சர்ட்ஸ், 28 பந்தில் 33. மதன்லால் பந்தை அவர் தூக்கி அடிக்க, கபில் பின்பக்கமாக ஓடிப்போய்ப் பிடித்தார். 57-க்கு 3. அங்கிருந்து 76-க்கு 6. டூஜானும் மார்ஷலும் 43 ரன் சேர்த்து மிரட்டினார்கள். அந்த ஜோடியை உடைத்தவர் மொகிந்தர் அமர்நாத். 7 ஓவர், 12 ரன், 3 விக்கெட். மட்டையில் 26. ஆட்ட நாயகன் விருதுக்கு அது போதும். ஹோல்டிங் எல்.பி.டபிள்யூ ஆனதோடு 140-க்கு எல்லாம் முடிந்தது.

"குருட்டு அதிர்ஷ்டம்" என்று இன்றும் சொல்கிறவர்கள் உண்டு. அதே தொடரின் முதல் சுற்றில் மான்செஸ்டரில் வெஸ்ட் இண்டீஸை இந்தியா 34 ரன்னில் வீழ்த்தியிருந்தது. உலகக் கோப்பையில் அந்த அணி கண்ட முதல் தோல்வியே அதுதான். இரண்டு முறை அதிர்ஷ்டம் என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இன்னொரு குழப்பம்: கபிலின் ஆட்டமிழக்காத 175. அது இறுதி ஆட்டத்தில் எடுத்ததல்ல. ஜூன் 18, டன்பிரிட்ஜ் வெல்ஸ், ஜிம்பாப்வேக்கு எதிராக. இறுதி ஆட்டத்தில் அவர் எடுத்தது 15.

[திரை: டெல்லி வரைபடம், கடிகாரம் இரவு 11-ஐத் தாண்டுகிறது]

குரல்: இப்போது 1975. இங்கேதான் "எந்தக் கட்டம்" என்ற கேள்வி முக்கியமாகிறது. ஜூன் 12-இல் இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றி செல்லாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 24-இல் உச்ச நீதிமன்றத்தில் விடுமுறைக்கால நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்தத் தீர்ப்புக்கு நிபந்தனையோடு தடை கொடுத்தார். 25 மாலை ராம்லீலா மைதானத்தில் எதிர்ப்பு இயக்கத் தலைவர் ஜெயப்பிரகாஷ் நாராயணன் கூட்டம். அன்று நள்ளிரவுக்குச் சற்று முன் குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது பிரகடனத்தில் கையெழுத்திட்டார். அரசியல் சட்டப் பிரிவு 352. சொல்லப்பட்ட காரணம், உள்நாட்டுக் குழப்பம். அதே இரவில் டெல்லி நாளிதழ் அச்சகங்களுக்கு மின்சாரம் நின்றது. விடிவதற்குள் கைதுகள் தொடங்கின.

அமைச்சரவை? அது கூடியது 26 காலை 6 மணிக்கு. முடிந்த காரியத்துக்கு ஒப்புதல் தர. அதன் பிறகே வானொலியில் பிரதமர் பேச்சு. கையெழுத்தை வைத்துப் பார்த்தால் 25, மக்கள் காதில் விழுந்ததை வைத்துப் பார்த்தால் 26. இரண்டு தேதியும் புழக்கத்தில் இருப்பதற்கு இதுதான் காரணம்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று: 1971 டிசம்பரில் பாகிஸ்தான் போருக்காக அறிவித்த நெருக்கடி நிலை அப்போதும் ரத்தாகவில்லை. 1975-இல் வந்தது அதன் மேல் இன்னொன்று.

[திரையில் எழுத்து: 44-வது திருத்தம், 1978]

குரல்: அந்த இரவு எந்த வழியாக நடந்ததோ, அந்த வழியை 1978-இல் வந்த 44-வது அரசியல் சட்டத் திருத்தம் அடைத்தது. "உள்நாட்டுக் குழப்பம்" போய் "ஆயுதமேந்திய கிளர்ச்சி" வந்தது. அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வராமல் குடியரசுத் தலைவர் பிரகடனம் செய்யக் கூடாது என்றானது. நாடாளுமன்ற ஒப்புதல் பெற அதுவரை இரண்டு மாத அவகாசம் இருந்தது. அது ஒரு மாதமாகச் சுருங்கியது.

தமிழ்நாட்டில் இதன் முழு வேகம் சில மாதம் தள்ளித்தான் தெரிந்தது. நெருக்கடி நிலையை எதிர்த்த கருணாநிதி அரசு 1976 ஜனவரி 31-இல் கலைக்கப்பட்டது.

டெல்லியில் இது நடந்த அதே 1975 ஜூன் 25-இல் ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் போர்ச்சுகலிடமிருந்து விடுதலை பெற்றது.

[திரை: கொரிய வரைபடம், 38-வது இணைகோடு]

குரல்: 1950. ஞாயிறு விடியற்காலை, 38-வது இணைகோட்டைத் தாண்டி வட கொரியப் படை தெற்கே இறங்கியது. தென் கொரியர்கள் அந்தப் போரைக் குறிப்பிடுவதே 6-25 என்ற தேதியால்தான். ஆனால் தாக்குதல் தொடங்கிய நேரத்தில் வாஷிங்டனில் 24-ஆம் தேதி சனிக்கிழமை பிற்பகல். அமெரிக்க ஆவணத்தில் 24 என்று பார்த்தால் தவறென்று அடிக்க வேண்டாம். 1953 ஜூலை 27-இல் கையெழுத்தானது போர்நிறுத்தம்; சமாதான ஒப்பந்தம் ஆகவில்லை.

[திரை: 1978, புவனோஸ் அயர்ஸ்]

குரல்: கால்பந்துக்கும் இதே தேதியில் ஓர் இறுதி ஆட்டம் உண்டு. 1978, அர்ஜென்டினா 3, நெதர்லாந்து 1, கூடுதல் நேரத்தில். கெம்பெஸ் இரண்டு கோல். 90-வது நிமிடத்தில் ரென்சென்பிரிங்க் உதைத்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. சில அங்குலம் உள்ளே போயிருந்தால் கோப்பை நெதர்லாந்துக்கு.

[திரை: பிறந்தநாள் படங்கள், வேகமாக]

குரல்: பிறந்தநாள்கள். 1900, மவுண்ட்பேட்டன். 1903, ஜார்ஜ் ஆர்வெல். பிறந்த ஊர் பீகாரின் மோதிஹாரி, அப்பா அபினித் துறை அதிகாரி. 1931, வி.பி. சிங். பிரதமராக ஓராண்டுகூட நிறையாத அந்தக் காலத்தில் பிற்படுத்தப்பட்டோருக்கு மண்டல் குழு பரிந்துரைத்த 27 சதவீத இட ஒதுக்கீட்டை அறிவித்தார்; காவிரி நடுவர் மன்றம் அமைந்ததும் அவர் ஆட்சியில்தான். சென்னை மாநிலக் கல்லூரி வளாகத்தில் அவருக்குச் சிலை திறந்தது 2023 நவம்பர் 27. அது அவர் மறைந்த நாள். அதைப் பிறந்தநாளோடு சேர்த்துவிடாதீர்கள்.

[திரை: இரண்டு கடிகாரங்கள், லாஸ் ஏஞ்சலஸ், சென்னை]

குரல்: கடைசியாக 2009, மைக்கேல் ஜாக்சன் மறைவு. லாஸ் ஏஞ்சலஸ் மணி பிற்பகல் 2.26. அங்கே கோடைக் காலத்தில் நமக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால். கூட்டிப் பாருங்கள்: நமக்கு அதிகாலை 2.56, தேதி 26. அன்று காலை நாளிதழ் பெரும்பாலும் அச்சேறிவிட்ட நேரம். அந்தச் செய்தியை அச்சில் தேடுகிறவர்கள் ஜூன் 27 தாளையும் எடுத்துப் பாருங்கள்.