வெடிக்காத குண்டு, இடிந்த தொழிற்சாலை

[திரை இருட்டு. தூரத்தில் சுத்தியல் சத்தம் மட்டும்.]

1943 ஜனவரி 29, இரவு. லண்டனுக்கு வடக்கே ஹாட்ஃபீல்டு என்ற ஊர். அங்கே டி ஹாவிலண்டு கம்பெனியின் விமானத் தொழிற்சாலை. அதன் மின்நிலையத்தைச் சுற்றிச் சில ஆட்கள் அவசர அவசரமாக வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். ஒருவர் செங்கல் சுவரின் மேல் பெரிய தார்ப்பாய் ஒன்றை இழுத்துக் கட்டுகிறார். அந்தத் தார்ப்பாயில் என்ன வரைந்திருக்கிறது தெரியுமா? பாதி இடிந்த செங்கல் சுவர்.

அதாவது, நன்றாக நிற்கிற சுவரை மறைத்து, அதன் மேல் இடிந்த சுவரின் படத்தை மாட்டுகிறார்கள். இதைச் செய்வது எதிரிகள் இல்லை. பிரிட்டிஷ் அரசாங்கமே ஆள் வைத்துச் செய்கிறது.

ஏன் என்று புரிய, முதலில் அந்தத் தொழிற்சாலை செய்த விமானத்தைப் பார்த்துவிடலாம்.

[திரையில்: மாஸ்கிட்டோ விமானம், பக்கவாட்டுத் தோற்றம்.]

இதன் பெயர் மாஸ்கிட்டோ. கொசு என்றே பெயர். உடம்பு முழுக்க மரம். மேலும் கீழும் பிர்ச் ஒட்டுப்பலகை, நடுவில் பஞ்சு போல லேசான பால்சா மரம், எல்லாம் பசை போட்டு ஒட்டியது. இரண்டு ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் எஞ்சின், உள்ளே இரண்டே பேர். குண்டு போடும் ரகத்தில் தற்காப்புக்கு ஒரு துப்பாக்கிகூடக் கிடையாது. துரத்தினால் ஓடிவிடும், அவ்வளவுதான் பாதுகாப்பு. மணிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல் போகிற விமானத்தை அன்றைக்கு எட்டிப் பிடிப்பது லேசான காரியம் இல்லை.

இன்னொரு வசதியும் இருந்தது. போர்க்காலத்தில் அலுமினியத்துக்குப் பஞ்சம். மரத்துக்கோ மரச்சாமான் செய்கிற ஆசாரிகளுக்கோ பஞ்சம் இல்லை. நாற்காலி மேஜை செய்த பட்டறைகள் இறக்கையும் வாலும் செய்தன.

ஹாட்ஃபீல்டு ஏற்கெனவே அடி வாங்கிய இடம். 1940 அக்டோபர் 3 அன்று ஒற்றை ஜெர்மன் விமானம் தாழப் பறந்து வந்து குண்டு போட்டதில் 21 பேர் இறந்தார்கள். மாஸ்கிட்டோவுக்காகச் சேர்த்து வைத்திருந்த பொருள்களில் பெரும்பகுதி எரிந்து போனது. அதற்கு அடுத்த மாதமே முதல் மாஸ்கிட்டோ பறந்தது என்பது வேறு கதை. அப்புறம் வேறொரு வழியும் முயன்று பார்க்க முடிவு செய்தது ஜெர்மன் ராணுவ உளவுத்துறையான அப்வேர். வானத்திலிருந்து அடிப்பதற்குப் பதில், உள்ளே ஓர் ஆளை அனுப்பி மின்நிலையத்தைத் தகர்ப்பது. மின்சாரம் போனால் தொழிற்சாலை படுத்துவிடும்.

அனுப்பிய ஆள்தான் இந்தக் கதையின் நாயகன். நாயகன் என்று சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

[திரையில்: எடி சாப்மனின் புகைப்படம்.]

எடி சாப்மன். 1914-இல் இங்கிலாந்தின் டர்ஹம் பகுதியில் பிறந்தவர். ராணுவத்தில் சேர்ந்து, பாதியில் ஓடிவந்தவர். அதன்பின் தொழில், இரும்புப் பெட்டிகளை வெடி வைத்துத் திறப்பது. போலீஸ் துரத்த, பிரான்ஸ் கரைக்குப் பக்கத்தில் பிரிட்டிஷ் ஆளுகையில் இருந்த ஜெர்சி தீவுக்கு ஓடினார். அங்கே ஒரு ஹோட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போலீஸ் உள்ளே வர, ஜன்னல் வழியாகப் பாய்ந்து தப்பினார். அதே இரவு இன்னொரு திருட்டில் சிக்கி உள்ளே போனார். அவர் ஜெர்சி சிறையில் இருந்தபோதுதான் 1940-இல் ஜெர்மன் படை தீவைப் பிடித்தது.

சிறையை விட்டு வெளியே வர அவருக்குத் தோன்றிய வழி, 'உங்களுக்கு உளவு பார்க்கிறேன்' என்று ஜெர்மானியரிடமே சொல்வது. அவர்களுக்கோ இனிக்க இனிக்க ஓர் ஆள் கிடைத்தார். ஆங்கிலேயர், வெடிமருந்து தெரிந்தவர், சொந்த நாட்டுப் போலீஸ் மேல் கோபம் உள்ளவர். பிரான்ஸின் நான்ட் நகருக்குப் பக்கத்தில் ஒரு மாளிகையில் வைத்து வெடிவைத்தல், வயர்லெஸ், பாரசூட் எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். டி ஹாவிலண்டைத் தகர்த்தால் 15,000 பவுண்டு என்று ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்தும் போட்டார்கள். நாசவேலைக்கு ஒப்பந்தப் பத்திரம்! யாரிடம் போய் வழக்குப் போடுவது என்றுதான் தெரியவில்லை.

1942 டிசம்பர் 16 அதிகாலை, கேம்பிரிட்ஜ்ஷயர் வயல்வெளியில் குதித்தார். குதித்தார் என்பதுகூடச் சரியில்லை, விமானத்தின் துவாரத்தில் மாட்டிக்கொண்டு தொங்கி, அப்புறம்தான் விழுந்தார். கையில் வயர்லெஸ், துப்பாக்கி, சயனைடு குப்பி, கட்டுக்கட்டாகப் பணம். நேரே போய் ஒரு பண்ணைவீட்டுக் கதவைத் தட்டி, போலீஸுக்குச் சொல்லச் சொன்னார்.

பிரிட்டிஷ் உளவுத்துறையான எம்ஐ5 இதில் ஆச்சரியப்படவில்லை. பிளெச்லி பார்க்கில் ஜெர்மன் ரகசியச் செய்திகளை உடைத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். 'ஃபிரிட்ஸ்' என்று ஒருவன் வரப்போகிறான் என்று மாதக்கணக்காகத் தெரியும். ராபின் ஸ்டீஃபன்ஸ் என்ற, ஒற்றைக்கண் கண்ணாடி மாட்டிய கடுகடு அதிகாரி அவரை விசாரித்தார். சாப்மன் சொன்னதை ஏற்கெனவே கையில் இருந்த செய்திகளோடு ஒப்பிட்டார்கள். பொருந்தியது. 'ஜெர்மானியரை ஏமாற்றும் நம்முடைய இரட்டை உளவாளியாக இவனை மாற்றலாம்' என்று முடிவானது. வைத்த ரகசியப் பெயர் ஸிக்ஸாக். வளைந்து வளைந்து போகிறவன்.

இனிமேல் வரும் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஜெர்மானியர் சாப்மனோடு ஓர் அடையாளம் பேசி வைத்திருந்தார்கள். வயர்லெஸ்ஸில் செய்தி அனுப்பும்போது தொடக்கத்தில் எஃப் என்ற எழுத்தை ஐந்து முறை தட்ட வேண்டும். இருந்தால், 'சுதந்திரமாக இருக்கிறேன்'. இல்லாவிட்டால், 'பிடிபட்டுவிட்டேன், சொல்வதை நம்பாதே'. லண்டன் ஹெண்டனில் ஒரு சாதாரண வீட்டில் உட்கார்ந்து, முன்பு பிபிசியில் எஞ்சினியராக இருந்த எம்ஐ5 அதிகாரி ரானி ரீடு பக்கத்தில் இருக்க, சாப்மன் தட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் அந்த ஐந்து எஃப்பையும் மறந்துவிட்டார்!

எல்லோருக்கும் உயிர் போய் வந்தது. உடனே இன்னொரு செய்தி அனுப்பினார்கள். கிறிஸ்துமஸ் குடியில் இருந்தேன், எஃப் போட மறந்துவிட்டேன், மன்னிக்கவும். இதை யார் நம்புவார்கள்? ஜெர்மானியர் நம்பினார்கள். சாப்மனைத் தெரிந்த யாரும் நம்பத்தான் செய்வார்கள், அவர் குடிக்கிற ஆள்.

[திரையில்: வானிலிருந்து பார்த்தால் தெரியும் மின்நிலைய முற்றத்தின் வரைபடம்.]

சரி, குண்டு வைத்தாயிற்று என்று பெர்லினுக்குச் சொன்னால் போதுமா? போதாது. ஜெர்மன் உளவு விமானம் வந்து மேலிருந்து படம் எடுக்கும். படத்தில் டிரான்ஸ்ஃபார்மர்கள் வரிசையாக நின்றால் சாப்மனின் கதை அன்றே முடிந்தது. அதனால் நாசமாக்க வேண்டியது தொழிற்சாலையை அல்ல, அதன் புகைப்படத்தை.

பொறுப்பு கர்னல் சர் ஜான் டர்னரிடம் போனது. விமான அமைச்சகத்துக்காகப் போலி விமானத்தளங்கள் அமைத்துக்கொண்டிருந்தவர் அவர். இரவில் விளக்குகளை மட்டும் ஏற்றி வைத்து, வெறும் வயலை விமானத்தளம் என்று நம்பவைத்து, குண்டுகளை அங்கே விழவைத்தவர். அவருடைய ஆட்கள் ஷெப்பர்டன் சினிமா ஸ்டூடியோவில் வேலை பார்த்தார்கள். செட் போடுவது அவர்களுக்குக் கைவந்த கலை. பல கட்டுரைகளில் ஜாஸ்பர் மாஸ்கலைன் என்ற மேடை வித்தைக்காரரின் பெயரும் அடிபடும். தன் பெருமையைத் தானே ஊதிக்கொள்வதில் அவர் கெட்டிக்காரர் என்பதால், அவரை நான் ஓரமாக வைத்துவிடுகிறேன்.

என்ன செய்தார்கள் பாருங்கள். நிஜ டிரான்ஸ்ஃபார்மர்களின் மேல் வலையும் தகரமும் போட்டு மூடி, மேலிருந்து பார்த்தால் பெரிய குழி போலத் தெரியும்படி பெயின்ட் அடித்தார்கள். பக்கத்தில், மரத்திலும் காகிதக்கூழிலும் செய்த டிரான்ஸ்ஃபார்மர் துண்டுகளைக் கவிழ்த்துப் போட்டார்கள். முற்றத்தின் பச்சை மரக்கதவைக் கழற்றிவிட்டு, அதே பச்சையில் உடைந்த கதவுகளை மாட்டினார்கள். சுவர்களில் கரி பூசினார்கள். செங்கல், சிமென்ட் கட்டி, குப்பை எல்லாவற்றையும் முற்றம் முழுக்க இறைத்தார்கள். எல்லாம் ஒரே இரவில்.

காலையில் போய்ப் பார்த்த ரீடுக்குத் திருப்தி. 2,000 அடிக்கு மேலிருந்து எந்தப் படம் எடுத்தாலும் சந்தேகம் வராது என்று அறிக்கை எழுதினார். பாய்லர் பார்க்கிற தொழிலாளி ஒருவர் வேலைக்கு வந்தவர், ராத்திரி குண்டு விழுந்துவிட்டது என்று பதறி மேனேஜரிடம் ஓடினாராம். அவருக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அடுத்து சாப்மன் செய்தி தட்டினார்: வால்ட்டர் இரண்டு இடங்களில் வெடித்தது. வால்ட்டர் என்பதுதான் இந்த வேலைக்கு வைத்திருந்த பெயர்.

பத்திரிகையிலும் வர வேண்டும் அல்லவா? இரட்டை உளவாளிகளை நடத்திய குழுவின் தலைவர் மாஸ்டர்மன், முதலில் 'டைம்ஸ்' ஆசிரியரைப் போய்ப் பார்த்தார். பொய்ச் செய்தி போட மாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். போர் உச்சத்தில் இருக்கும்போது, தேசத்துக்காக என்று கேட்டும் மறுத்த அந்த மனிதர் மேல் எனக்குத் தனி மரியாதை. 'டெய்லி எக்ஸ்பிரஸ்' ஒப்புக்கொண்டது, ஒரு நிபந்தனையோடு. பிப்ரவரி 1 இதழின் முதல் பதிப்பில் மட்டும் வரும். அதிகாலையில் அச்சாகும் அந்தப் பதிப்புதான் நடுநிலை நாடான போர்ச்சுகலின் லிஸ்பனுக்குப் போகும். அங்கே ஜெர்மானியர் வாங்கிப் படிப்பார்கள். இங்கிலாந்தில் தாமதமாக எழுந்து பேப்பர் வாங்கியவர்களுக்குச் செய்தியே கிடையாது.

செய்தியும் ரொம்பச் சின்னது. லண்டன் புறநகரில் ஒரு தொழிற்சாலையில் வெடிவிபத்து, சேதம் குறைவு, உயிர்ச்சேதம் இல்லை. 'சேதம் குறைவு' என்று போட்டதுதான் சாமர்த்தியம். போர்க்காலத் தணிக்கையைத் தெரிந்தவன் அதை எப்படிப் படிப்பான்? பலத்த சேதம், மறைக்கிறார்கள் என்று.

இதில் ஒரு வேடிக்கை. பொய்யாக இடிந்த அந்த இரவு விடிந்த ஜனவரி 30-ஆம் தேதி, நாஜிகள் ஆட்சிக்கு வந்து பத்தாண்டு நிறைவு விழா. காலை 11 மணிக்கு பெர்லினில் ஜெர்மன் விமானப்படைத் தலைவர் கோரிங் வானொலியில் பேச வேண்டும். சரியாக அந்த நேரத்துக்கு மூன்று மாஸ்கிட்டோக்கள் பட்டப்பகலில் பெர்லின் மேல் வந்து குண்டு போட்டன. பேச்சு தள்ளிப்போனது. மாலையில் நாஜி பிரசார அமைச்சர் கோயபல்ஸ் பேசும்போது இன்னும் மூன்று வந்தன, அதில் ஒன்று வீழ்த்தப்பட்டது.

[திரையில்: லிவர்பூல் துறைமுகம், பிறகு ஒரு நிலக்கரித் துண்டு.]

மார்ச் மாதம். சாப்மன் 'சிட்டி ஆஃப் லான்கஸ்டர்' என்ற கப்பலில் உதவிப் பணியாளாக வேஷம் போட்டு லிஸ்பனுக்குப் போய், ஜெர்மானியரிடம் திரும்பச் சேர்ந்தார். சில நாளில் பிளெச்லியிலிருந்து எம்ஐ5-க்கு ஒரு தகவல் வந்தது. அந்தக் கப்பலைத் தகர்க்க ஏற்பாடு நடக்கிறது, செய்பவர் சாப்மன்.

'விற்றுவிட்டானா?' ரீடு விமானம் ஏறி லிஸ்பனுக்குப் பறந்தார். கப்பலின் கேப்டன் கியரனிடம் பேசியபோதுதான் நடந்தது தெரிந்தது. சாப்மனே ஜெர்மானியரிடம் போய், கப்பலுக்குக் குண்டு வைக்கிறேன் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். அவர்கள் நிலக்கரித் துண்டு போலவே செய்த இரண்டு குண்டுகளைத் தந்தார்கள். கரிக்கிடங்கில் போட்டுவிட்டால், என்றோ ஒரு நாள் யாரோ ஒருவர் மண்வெட்டியால் அள்ளி உலைக்குள் தள்ளுவார், கொதிகலன் வெடிக்கும். அந்த இரண்டையும் சாப்மன் கேப்டன் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

எம்ஐ5-இல் நாசவேலைத் தடுப்புப் பிரிவை நடத்தியவர் விக்டர் ரோத்ஸ்சைல்டு. விஞ்ஞானி, குண்டுகளைத் தன் கையாலேயே செயலிழக்கச் செய்கிறவர். எதிரியின் கருவி எதுவானாலும் ஒரு மாதிரி வேண்டும் என்று தவம் கிடந்தவர். அதே ஆண்டு மே மாதம், சாக்லேட் கட்டி வடிவில் ஒரு ஜெர்மன் குண்டு பற்றித் தகவல் வந்ததும், ஓவியர் ஒருவருக்குக் கடிதம் எழுதி அதைப் படமாக வரைந்து வாங்கியிருக்கிறார். ஆனால் படம் படம்தானே. லிஸ்பனில் கிடைத்ததோ, அப்வேர் தன் கையால் செய்து, தன் ஆள் என்று நம்பியவனிடம் தானே கொடுத்தனுப்பிய நிஜச் சரக்கு.

சாப்மனை ஜெர்மானியர் நார்வேயின் ஆஸ்லோவுக்கு அழைத்துப் போனார்கள். பணம் கொடுத்தார்கள், இரும்புச் சிலுவைப் பதக்கமும் கொடுத்தார்கள். ஹாட்ஃபீல்டில் தார்ப்பாயைக் கழற்றி, குப்பையைக் கூட்டி, பச்சைக் கதவைத் திரும்ப மாட்டியிருந்தார்கள். டிரான்ஸ்ஃபார்மர்கள் வழக்கம்போல ரீங்கரித்துக்கொண்டிருந்தன.