மெனு அட்டை சோறு வடிக்காது

நடுவர் அவர்களே, கடலூர்ப் பெருமக்களே, எல்லாருக்கும் வணக்கம்.

வேலைநாள் இரவுச் சமையலை எளிதாக்குவது முன்தயாரிப்பா, வீட்டாரின் பங்களிப்பா என்பது தலைப்பு. முன்தயாரிப்பே என்று எதிரணிச் சகோதரி அழகாகப் பேசி அமர்ந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமையே பூண்டு உரித்து வையுங்கள், தேங்காய் துருவி ஃப்ரீசரில் போடுங்கள், வெங்காயம் தக்காளி வதக்கித் தொக்கு செய்து வையுங்கள், நாலு நாளைக்கு மாவு அரையுங்கள், வாரத்துக்கும் மெனு எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள் என்றார். தொக்கு கையில் இருந்தால் பத்து நிமிடத்தில் குழம்பு வைத்துவிடலாம், உண்மைதான். நான் மறுக்கவே இல்லை.

ஆனால் இத்தனையையும் யார் செய்வது? சகோதரி பேசி முடிக்கும்வரை காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். அதற்கு மட்டும் பதில் வரவில்லை. வாரம் முழுக்க வேலைக்குப் போய்விட்டு வரும் அதே பெண்தான் ஞாயிற்றுக்கிழமையும் அரிவாள்மணை முன்னால் உட்கார வேண்டும். திங்கள் முதல் வெள்ளி வரை இருந்த பாரத்தைத் தூக்கி ஞாயிறு தலையில் வைத்தாயிற்று. பாரம் குறையவில்லை. அவருக்கு இருந்த ஒரே ஓய்வு நாள்தான் போனது.

மத்திய அரசு 2024-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று இருக்கிறது. சம்பளமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். அதே வேலையைச் செய்யும் ஆண்கள் 88 நிமிடம். அதாவது வீட்டில் எதையாவது எடுத்துச் செய்கிற ஆண்களின் கணக்கே இவ்வளவுதான். ஒன்றுமே செய்யாதவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. அந்த 289-ஐ எந்தக் கிழமைக்கு மாற்றினாலும் அது 289 தானே?

எங்கள் வீட்டையே சொல்கிறேன். என் மனைவிக்குப் புதுச்சேரியில் வேலை. அங்கே பஸ் பிடித்து, நெரிசலில் நின்று, இங்கே திருப்பாதிரிப்புலியூரில் இறங்கும்போது ஏழு மணியாகிவிடும். நானும் பிள்ளைகளும் அதற்கு முன்பே வீட்டில் இருப்போம். ஆறரைக்கு அரிசியைக் களைந்து ஊறவைத்து, பருப்பைக் கழுவி, மஞ்சள்தூளும் இரண்டு சொட்டு நல்லெண்ணெயும் விடுவேன். எண்ணெய் விட்டால் பருப்பு நுரைத்து வெயிட் வழியாகப் பொங்காது. கீழே பருப்புப் பாத்திரம், மேலே அரிசி, ஐந்து விசில். குக்கருக்குள் வெப்பம் 120 டிகிரி வரை ஏறுவதால் பருப்பு சீக்கிரம் வெந்துவிடும். ஆனால் அடுப்பை அணைத்த பிறகு ஆவி தானாக அடங்கக் கால் மணி நேரமாவது பிடிக்கும். நடுவர் அவர்களே, அந்தக் கால் மணி நேரம்தான் எங்கள் அணியின் சாட்சி. எந்த ஃப்ரீசரும் அதைச் சேமித்து வைத்துத் தராது. வீட்டில் இருக்கிற ஓர் ஆள்தான் தர முடியும். இதற்குக் கைப்பக்குவம் வேண்டாம், ஆள் இருந்தால் போதும். மனைவி வந்து செருப்பைக் கழற்றும்போது குக்கர் திறக்கத் தயாராக இருக்கும். அப்புறம் ரசம் தாளித்து, அப்பளம் பொரித்தால் முடிந்தது.

நெய்வேலியிலும் சிப்காட்டிலும் காலை ஷிப்ட் முடித்து மதியமே வீடு திரும்புகிறவர்கள் இந்தக் கூட்டத்தில் இருப்பீர்கள். கல்லூரிக்குப் போகும் பிள்ளை நாலரைக்கு வந்துவிடுகிறது. ஆனால் பஸ்ஸில் நிற்கிற அம்மாவுக்குத்தான் போன் போகிறது: "அம்மா, நைட்டுக்கு என்ன?" அடுப்பு வேலையைவிட அந்தக் கேள்விதான் அவரைக் களைக்க வைக்கிறது.

பிள்ளைகளையும் ஆண்களையும் அடுப்படியில் விட்டால் வேலை இரட்டிப்பாகும் என்றார் சகோதரி. "கூடமாட உதவி செய்" என்று விட்டால் நிச்சயம் ஆகும். உதவிக்கு வருபவர் ஒவ்வொன்றையும் கேட்பார். கடுகு எங்கே, உப்பு எவ்வளவு, எந்தத் தட்டு. பதில் சொல்வதே ஒரு வேலை. அதனால் உதவியாகக் கேட்காதீர்கள், ஒரு வேலையை முழுசாகக் கொடுத்துவிடுங்கள். செவ்வாய்க்கிழமை இட்லி மகனுடையது என்றால், மாவைச் சாயங்காலமே ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே வைப்பது, தட்டில் எண்ணெய் தடவி ஊற்றுவது, சட்னி அரைப்பது, மிக்சி ஜாரைக் கழுவிக் கவிழ்ப்பது, மாவு தீரப்போகிறது என்று கவனித்து முதல் நாளே சொல்வது வரை அவனுடையது. குளிரில் மாவு புளிப்பது மெதுவாகுமே தவிர நிற்காது. நாலாம் நாள் புளிப்பேறினால் அன்றைக்கு இட்லி வேண்டாம், வெங்காய ஊத்தப்பம் என்று அவனே முடிவெடுக்கட்டும். முதல் இரண்டு வாரம் இட்லி கல்லாக வரும். வரட்டும், சாப்பிடுவோம்.

சாப்பிடுவதும் ஒரு பங்களிப்புதான். வேலைநாளில் ஒரு குழம்போ ரசமோ, தொட்டுக்கொள்ள ஒன்று, இவ்வளவு போதும் என்று வீட்டார் எல்லாரும் மனதார ஒப்புக்கொண்டால் பாதி வேலை அங்கேயே குறைகிறது. ஞாயிற்றுக்கிழமை முதுநகரில் வாங்கிய சங்கரா மீன் குழம்பைத் திங்கள் இரவு தோசைக்கு ஊற்றினால், "நேற்று வைத்ததா?" என்று முகம் சுளிக்காமல் சாப்பிட வேண்டும். மறுநாள் அதற்கு ருசி கூடித்தான் இருக்கும்.

ஆண்களுக்கு அடுப்படி பழக்கமில்லை என்ற வாதத்தை இந்த மாவட்டத்தில் நின்று யாரும் சொல்லக் கூடாது. வடலூரில் வள்ளலார் 1867-இல் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. தைப்பூசத்துக்குப் போய் அன்னதானத்துக்கு மூட்டை மூட்டையாகக் காய் நறுக்குகிறோமே, வீட்டில் நாலு வெங்காயம் நறுக்கக் கை வராதா? 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்ததை நினைத்துப் பாருங்கள். நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ஃப்ரிட்ஜில் இருந்ததெல்லாம் வீண். மிக்சி ஓடவில்லை. தண்ணீர் சுமந்தவர், அம்மி அரைத்தவர், விறகு கொண்டுவந்தவர் என்று வீடே சேர்ந்துதானே உலை வைத்தது? அந்தக் கைகள் எங்கும் போய்விடவில்லை.

நடுவர் அவர்களே, சகோதரி சொன்ன ஞாயிற்றுக்கிழமை வேலைகள் நடக்கட்டும். பூண்டு உரிக்கட்டும், தேங்காய் துருவட்டும், மாவு அரைக்கட்டும். அப்பா உரிக்க, மகன் துருவ, மகள் மாவைக் கரைத்து வைக்க, அம்மா கொஞ்ச நேரம் காலை நீட்டி உட்காரட்டும். அப்படி நடந்தால் அந்த முன்தயாரிப்பு முழுவதும் எங்கள் அணியின் கணக்கில்தான் சேரும். தீர்ப்பை எங்களுக்கே தருமாறு கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.