நோய் எந்த வயதைத் தேடி வருகிறது?

அவைத் தலைவர் அவர்களுக்கும் வேலூர்ப் பெருமக்களுக்கும் வணக்கம். 1918 ஆகஸ்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் இந்த ஊரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். அந்த ஆண்டின் இறுதி மாதங்களில்தான் இன்புளூயன்சா காய்ச்சல் சென்னை மாகாணத்தைச் சூறையாடியது. இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் மாண்ட அந்தக் கொள்ளைநோய், வழக்கமான காய்ச்சலைப் போல் கிழவர்களையும் கைக்குழந்தைகளையும் மட்டும் கொண்டுபோகாமல், இருபது முதல் நாற்பது வயதினரைக் குறிவைத்தது. கருவுற்ற பெண்கள் அதில் மிகுதியாக மடிந்தனர். ஆகவே 1919-இல் பிறப்புகளும் சரிந்தன. இன்றைய இந்திய எல்லைக்குள் 1911-இல் 25.21 கோடியாக இருந்த மக்கள்தொகை 1921-இல் 25.13 கோடியாகக் குறைந்தது. நம் கணக்கெடுப்பு வரலாற்றில் மக்கள்தொகை குறைந்த பத்தாண்டு அது ஒன்றே.

கொரோனா வேறு வயதினரைத் தேடி வந்தது. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டும் உலகில் வழக்கத்துக்கு மேல் 1.49 கோடி மரணங்கள் நேர்ந்தன என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. 2019-க்கும் 2021-க்கும் இடையில் உலக மக்களின் சராசரி ஆயுட்காலம் 1.8 ஆண்டு குறைந்து 71.4 ஆனது. இறந்தவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். அதனால் உலகம் இளமையாகிவிட்டதா என்றால், இல்லை. ஒரு சமுதாயம் மூப்படைவதற்கு முதன்மைக் காரணம் பிறப்பு குறைவதே. முதியோர் சிலர் இறந்துவிட்டதால் அந்தப் போக்கு திரும்பிவிடாது.

ஊரடங்கில் வீட்டுக்குள் அடைந்து கிடப்பவர்கள் பிள்ளைகளைப் பெற்றுத் தள்ளுவார்கள் என்று டீக்கடை முதல் தொலைக்காட்சி வரை பேசினார்கள். (நானும் அந்தச் சிரிப்பில் கலந்துகொண்டவன்தான்.) நடந்தது வேறு. ஊரடங்கு தொடங்கி ஒன்பது மாதம் கழித்து ஸ்பெயினிலும் இத்தாலியிலும் பிறப்புகள் கண்கூடாகக் குறைந்தன. அமெரிக்காவில் 2020-இல் 4 விழுக்காடு குறைந்து மறு ஆண்டு சற்றே ஏறின. நார்வே, பின்லாந்து போன்ற நாடுகளில் 2021-இல் கூடி, 2022-இல் இறங்கின. தென் கொரியாவின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. நம்மைப் போலவே அங்கும் திருமணத்துக்கு வெளியே பிள்ளைப்பேறு அரிது. 2019-இல் ஏறத்தாழ 2.39 லட்சமாக இருந்த திருமணங்கள் 2021-இல் 1.93 லட்சத்துக்கு இறங்கின. ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை 0.92-இலிருந்து 2023-இல் 0.72 ஆயிற்று. இந்தச் சரிவு கொரோனாவுக்கு முன்பே தொடங்கியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நின்றுபோன முகூர்த்தங்கள் அதை விரைவுபடுத்தின.

ஏழை நாடுகளில் நிலைமை நேர்மாறானது. மருந்தகத்துக்குப் போக முடியாமலும் செவிலியர் வராமலும் 115 நாடுகளில் ஏறத்தாழ 1.2 கோடிப் பெண்களுக்குக் கருத்தடைச் சேவை தடைப்பட்டு, விரும்பாத கருவுறுதல்கள் 14 லட்சம் நேர்ந்ததாக ஐ.நா. மக்கள்தொகை நிதியம் மதிப்பிட்டது. உலகெங்கும் புதிதாகக் கண்டறியப்பட்ட காசநோயாளிகள் 2019-இல் 71 லட்சம், 2020-இல் 58 லட்சம். நோய் குறைந்துவிடவில்லை, சளிப் பரிசோதனைக்கு ஆள் வரவில்லை. அந்த நோயாளிகள் வீட்டிலேயே இருமிக்கொண்டிருந்தார்கள்.

நம் பக்கத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகள் 1.8 என்று தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று கூறுகிறது. மக்கள்தொகை குறையாமல் ஈடுசெய்யும் அளவான 2.1-ஐ விட இது குறைவு. ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் காலணித் தொழிற்சாலைக்குச் செல்லும் எத்தனையோ பெண்கள் குழந்தையை மாமியாரிடமோ தாயிடமோ விட்டுச் செல்கிறார்கள். அந்தப் பாட்டியைத் தொற்று கொண்டுபோனால், இறப்புப் பதிவேட்டில் முதியவர் ஒருவர் என்று ஒரு வரி சேரும். அந்த வீட்டிலோ மருமகளின் சம்பளமும், அடுத்த பிள்ளையைப் பற்றிய யோசனையும் சேர்ந்தே நின்றுபோகின்றன. மூப்பு, பிறப்பு என்று நாம் தனித்தனி அட்டவணையில் எழுதுபவை ஒரே அடுப்படியில் பிணைந்து கிடக்கின்றன.

1918-இன் கொடுமையை நாம் இன்று எண்களில் சொல்ல முடிவதற்கு 1921-இல் கணக்கெடுப்பு நடந்ததே காரணம். 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பைத் தொற்றே தள்ளிப்போட வைத்தது. 2027 மார்ச் 1 இப்போது அறிவிக்கப்பட்டிருக்கும் கணக்கு நாள். 2019-இல் பிரிக்கப்பட்ட வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களுக்கும் தனித்தனியாக எடுக்கப்படப்போகும் முதல் தலைக்கணக்கும் அதுதான்.