அன்னிக்கு ராத்திரி அவ எங்க தூங்குவா?

நடுவர் ஐயா, எதிரணி வக்கீல்களே (படிக்கலைன்னாலும் பேச்சு அப்பிடித்தான் இருந்துச்சு), பாம்பன் சனங்களே, வணக்கம்.

'வீட்டுக்குள்ள அடிபடுற பொண்ணுக்கு முதல் துணை சட்டமா, சனமா'ன்னு தலைப்பு. நாங்க சனம். எதிரணித் தங்கச்சி பிரமாதமா பேசுச்சு, 2005 குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கு, மனு குடுத்தா 3 நாளைக்குள்ள மாஜிஸ்திரேட் விசாரிக்கணும், 60 நாளைக்குள்ள முடிக்கப் பாக்கணும், புருஷன் வீட்டை விட்டு அவளைத் தள்ள முடியாதுன்னு. அம்புட்டும் உண்மை, நானே கைதட்டுனேன். ஆனா அந்த மனுவை யாரு எழுதுறது, ராமநாதபுரத்துக்கு பஸ் ஏத்திவிடுறது யாரு, அதுவரைக்கும் பிள்ளைகளுக்குச் சோறு போடுறது யாருன்னு அது சொல்லவே இல்லியே!

டெல்லியில சத்யராணி சட்டான்னு ஒரு அம்மா இருந்தாக. 1979ல அவுக மக, வயித்துல பிள்ளையோட தீயில கருகி செத்துப்போச்சு, மாப்பிள்ளை வீட்டுல கேட்டது ஸ்கூட்டர். ஒரு ஸ்கூட்டருங்கய்யா! அந்தம்மா மூலையில உக்காந்து அழுதுட்டு விட்டிருக்கலாம், விடல, தெருவுக்கு வந்தாக, அதே மாதிரி மகளைத் தீயில பறிகுடுத்த ஷாஜகான் ஆபாங்கிற அம்மாவும் கூட நின்னாக, ஒருத்தர் இந்து, ஒருத்தர் முஸ்லிம். இவுகளை மாதிரி தாய்மாரும் பெண்கள் இயக்கங்களும் கத்துன கத்துலதான் 1983ல புருஷனும் அவன் வீட்டாளுகளும் பண்ற கொடுமைக்குத் தண்டனை குடுக்குற 498ஏ பிரிவு வந்துச்சு, 1986ல வரதட்சணைச் சாவுக்குன்னு தனிப் பிரிவே வந்துச்சு. எதிரணி இப்ப சிரிக்கும், "பாத்தீங்களா, சட்டத்துக்காகத்தானே போராடுனாக"ன்னு. ஆமா, போராடுனாக. அந்தச் சட்டத்தைப் பெத்தது யாரு, சனந்தானே?

அந்தம்மாவோட சொந்தக் கேஸ் என்னாச்சு தெரியுமா? 1979ல செத்த மகளுக்கு 2000ல தீர்ப்பு, அதை ஹைகோர்ட் உறுதி பண்ணது 2013ல. 34 வருஷம்! அடுத்த வருஷமே அந்தம்மாவும் போய்ச் சேந்துட்டாக. அதுக்காக அவுக தீர்ப்பு வரட்டும்னு கையக் கட்டிக்கிட்டு நிக்கல, 1987லயே ஷாஜகான் ஆபாவோட சேந்து சக்தி ஷாலினின்னு அமைப்பு ஆரம்பிச்சு, அடிபட்டு வந்த பொண்ணுகளுக்குத் தங்க இடம் குடுத்தாக. கோர்ட்டைக் கரைச்சுக் குடிச்ச அம்மாவுக்கே தெரிஞ்சிருக்கு, மொதல்ல வேண்டியது ஒரு பாயும் தாழ்ப்பாளும்னு.

டெல்லி வேணாம், நம்ம கரைக்கு வாங்க. எங்கம்மா பாசி எடுக்கப் போவாக. கடல்ல இறங்குமுன்ன பாறை கிழிக்காம இருக்க விரலுக்கெல்லாம் துணி சுத்துவாக, ஒரு கையால இன்னொரு கைக்குச் சுத்த முடியாது, பக்கத்துல இருக்கவதான் சுத்தி விடணும். அப்பத்தான் மணிக்கட்டுல இருக்க கன்னிப்போன தடம் தெரியும். அவ "வழுக்கி விழுந்தேன்"னு சொல்லுவா, யாரும் நம்ப மாட்டாக, ஆனா கேள்வியும் கேக்க மாட்டாக. அன்னிக்குச் சாயங்காலம் அந்தப் பிள்ளை வேற வீட்டுல இருக்கும். ராத்திரி அவ புருஷன் தண்ணியப் போட்டுட்டு வந்து கத்துனா, அந்த வீட்டு ஆச்சி வாசப்படியில வெத்தலை மென்னுக்கிட்டு, "உள்ள எம்மக தூங்குறா, விடிஞ்சு வாடா"ன்னு சொல்லும். அவ்வளவுதான், அவன் திரும்பிப் போயிருவான். ஆச்சிகிட்ட எந்தச் செக்‌ஷனும் கெடையாது!

"அனுசரிச்சுப் போன்னு திருப்பி அனுப்புறதும் இதே சனந்தானே"ன்னு கேப்பீங்க. கேளுங்க, நியாயமான கேள்வி, எங்களுக்கும் வலிக்குது. ஆனா ஸ்டேஷன்ல "பேசிச் சமாதானமாப் போங்கம்மா"ன்னு சொல்றது மட்டும் யாரு, செவ்வாக்கிரகத்துல இருந்தா வந்தாக? காக்கி போட்டா மனசு மாறிருமா? சனத்து மனசு மாறாத வரைக்கும் சட்டம் ஸ்டேஷன் வாசலோட நின்னுபோகும், அதை மாத்தத்தான் சத்யராணி மாதிரி ஆளுக மேடை ஏறுறாக.

பெண்கள் உதவி எண் 181க்கு போன் பண்ணலாம்னு தங்கச்சி சொல்லுச்சு, நல்ல நம்பர், எல்லாரும் மனப்பாடம் பண்ணுங்க. போனைப் புடுங்கி வச்சுக்கிட்டு அடிக்கிறவனும் இருக்கான், அப்ப பக்கத்து வீட்டுக்காரிதான் அந்த நம்பரைப் போடணும்.

மணி அடிச்சுட்டீங்களா ஐயா, சரி, ஒரே ஒரு கேள்வி. மனு குடுத்து 3 நாளுன்னு சொன்ன தங்கச்சி அடுத்த சுத்துல பேச வரும்போது, அந்த 3 நாளும் அவ யாரு வீட்டுல இருப்பான்னு மட்டும் சொல்லிட்டுப் போகட்டும்.