நடக்காமல் போன விபத்து

அவைத்தலைவர் அவர்களே, நண்பர்களே, வணக்கம்.

பாதுகாப்பு விதிகள், உடல்நலத்தில் நாம் எடுக்கும் முடிவுகள், அன்றாட வருத்தங்கள் என்று மூன்றைச் சேர்த்துப் பேசச் சொன்னார்கள். மூன்றுக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். மூன்றும் ஒரே இடத்தில்தான் முடிச்சிட்டுக் கிடக்கின்றன என்பது என் எண்ணம். வருத்தத்திலிருந்தே தொடங்குகிறேன்.

1721-ஆம் ஆண்டு, இன்றைய அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பெரியம்மை பரவியது. ஏறத்தாழ 6,000 பேரைத் தாக்கி, 840-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. அப்போது சப்டியல் பாய்ல்ஸ்டன் என்ற மருத்துவர், அம்மை கண்டவரின் கொப்புளத்திலிருந்து சிறிது எடுத்து, நலமாக இருப்பவரின் தோலைக் கீறி உள்ளே வைத்தார். அவர்களுக்கும் அம்மை வரும். ஆனால் பெரும்பாலும் லேசாக வந்து போய்விடும். சுமார் 240 பேருக்குச் செய்தார். 6 பேர் இறந்தார்கள். அதாவது தானாக வந்தால் ஏழில் ஒருவர், குத்திக்கொண்டால் நாற்பதில் ஒருவர். இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டுமா? இருந்தும் ஊர் கொதித்தது. நலமாக இருப்பவனுக்கு நீயே நோயை ஏற்றுகிறாயா என்று ஏசினார்கள். அப்படி ஏசிய பத்திரிகை ஒன்றின் அச்சகத்தில் ஆசிரியரின் தம்பி, 15 வயதுப் பையன், தொழில் பழகிக்கொண்டிருந்தான். அவன்தான் பின்னாளில் அமெரிக்காவை நிறுவிய தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் ஃபிராங்க்ளின்.

வளர்ந்த பிறகு ஃபிராங்க்ளின் அம்மை குத்துவதை ஆதரிப்பவராக மாறினார். 1736-ல் அவருடைய 4 வயது மகன் பிரான்சிஸ் பெரியம்மையில் இறந்தான். அவனுக்குக் குத்தியிருக்கவில்லை. எந்தக் கொள்கையும் குறுக்கே நிற்கவில்லை. பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு, உடம்பு கொஞ்சம் தேறட்டும் என்று தள்ளிப்போட்டார், அவ்வளவுதான். குத்தியதால்தான் பையன் செத்தான் என்று ஊரில் வதந்தி கிளம்பியது. மகன் போன சில வாரங்களில் அதை மறுத்துத் தன் பத்திரிகையிலேயே அவர் எழுத வேண்டியிருந்தது. முதுமையில் இதை நினைவுகூர்ந்து, இன்னும் வருந்துகிறேன் என்று எழுதிவிட்டு, மற்ற பெற்றோருக்கு ஒன்று சொன்னார்: குத்தி, அதனால் பிள்ளை இறந்தால் என்னை நானே மன்னிக்க மாட்டேன் என்று பயந்து விட்டுவிடுகிறீர்களே, குத்தாமல் இறந்தாலும் வருத்தம் அதே அளவுதான், ஆகவே ஆபத்துக் குறைந்த வழியில் போங்கள்.

ஏன் இவ்வளவு நேரம் இதில் நின்றேன் என்றால், நம் மனம் இன்றும் அந்த இடத்திலேயே தடுக்குகிறது. நான் செய்து கெட்டது என் கணக்கில் ஏறுகிறது. நான் செய்யாமல் விட்டுக் கெட்டது விதியின் கணக்கில் ஏறுகிறது. 1990-ல் ரிடோவ், பாரன் என்ற இரு ஆய்வாளர்கள் இதைக் கேள்வியாகவே வைத்துப் பார்த்தார்கள். தடுப்பூசியால் வரும் சாவு, நோயால் வரும் சாவைவிடக் குறைவு என்று சொல்லிய பிறகும், வேண்டாம் என்றவர்கள் நிறையப் பேர். அவர்கள் முட்டாள்கள் இல்லை. நாம்தான் அவர்கள்.

இதோடு இன்னொரு சங்கடமும் உண்டு. பலன் தந்த முன்னெச்சரிக்கைக்குத் தடயம் கிடையாது. சீட் பெல்ட் போட்டதால் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர், இன்று பெல்ட் என்னைக் காப்பாற்றியது என்று சொல்லிக்கொண்டு கதவைத் தட்டுவதில்லை. பெரும்பாலான நாட்களில் அது யாரையும் காப்பாற்றுவதும் இல்லை. சட்டையைக் கசக்குகிறது, அவ்வளவுதான். ஜெஃப்ரி ரோஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவ அறிஞர் 1981-ல் இந்த முரணை எடுத்துச் சொன்னார்: ஒரு சமூகத்துக்குப் பெரிய நன்மை தரும் ஏற்பாடு, அதில் சேரும் ஒவ்வொரு தனி மனிதருக்கும் கண்ணுக்குத் தெரிகிற அளவில் எதையும் தருவதில்லை. 'இத்தனை வருடம் போடாமல் ஓட்டினேன், எனக்கு என்ன ஆயிற்று?' என்று கேட்கிறவரிடம் நாம் வாயடைத்துப் போவது இதனால்தான். அவர் சொல்வது உண்மை. அந்தக் கேள்வியைக் கேட்க முடியாமல் போனவர்கள் இந்த அரங்கில் இல்லை, அதுவும் உண்மை.

தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்று முனைப் பெல்ட்டை வோல்வோ கார் நிறுவனத்தின் நில்ஸ் போலின் 1959-ல் கொண்டுவந்தார். மற்ற நிறுவனங்களும் பயன்படுத்தட்டும் என்று காப்புரிமையையும் திறந்துவிட்டார்கள். போட்டே ஆக வேண்டும் என்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் சட்டம் போட்டது 1970-ல். நடுவில் 11 ஆண்டுகள் போயின. மணிக்கு 50 கிலோமீட்டரில் மோதுவது சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம் என்பது பள்ளி இயற்பியல். அது தெரிந்திருந்தும் கை தானாகப் பெல்ட்டை இழுக்கவில்லை. அதனால்தான், ஆற அமர யோசித்த ஒருநாளில் எழுதிய விதி, அவசரமாகக் கிளம்புகிற காலை வேளையில் நமக்கு வேண்டியிருக்கிறது.

'என் உயிர், என் விருப்பம்' என்பார்கள். அதை நான் கிண்டல் செய்ய மாட்டேன். சுதந்திரத்தைப் பற்றிப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்கும். 1859-லேயே ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் இதற்கு ஓர் உதாரணம் சொன்னார். உடையப்போகும் பாலத்தில் ஒருவர் கால் வைக்கிறார், எச்சரிக்க நேரமில்லை என்றால் பிடித்து இழுக்கலாம். ஆற்றில் விழுவது அவர் விருப்பம் இல்லையே. நேரம் இருந்தால் எச்சரிப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது அவர் கட்சி. சாலையில் மோதும் கணத்தில் எச்சரிக்க நேரம் எங்கே இருக்கிறது? ஆகவே ஹெல்மெட், பெல்ட், வேகவரம்பு, இவற்றைக் கட்டாயமாக்குவதில் எனக்குத் தயக்கமே இல்லை. சாப்பாட்டில் தயக்கம் உண்டு. உப்பு எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் அச்சிடுங்கள், தட்டைப் பிடுங்காதீர்கள். பின்வரிசையில் ஒரு டாக்டர் தலையை ஆட்டுகிறார், ஒப்புக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

புகையிலை விஷயத்தில் வருத்தம் வேறு வேஷம் போடும். 'இத்தனை வருடம் பிடித்தாயிற்று, இனி விட்டு என்ன ஆகப்போகிறது?' ரிச்சர்ட் டால் என்ற மருத்துவ ஆய்வாளரின் குழுவினர் பிரிட்டிஷ் மருத்துவர்களை 1951 முதல் 50 ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2004-ல் விடை சொன்னார்கள். புகைத்துக்கொண்டே இருப்பவரோடு ஒப்பிட்டால், 60 வயதில் விட்டவருக்குச் சுமார் 3 ஆண்டுகள் கூடுகின்றன; 50-ல் விட்டால் 6, 40-ல் 9, 30-ல் 10. எந்த வயதிலும் விடை பூஜ்யம் இல்லை.

விதி எழுதுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அவர்களுக்கும் வருத்த பயம் உண்டு: ஒரு விதியைத் தளர்த்தி, மறுநாள் ஏதாவது நடந்துவிட்டால்? விமானத்தில் கைப்பையில் கொண்டுபோகும் திரவம் ஒரு பாட்டிலில் 100 மில்லிலிட்டருக்கு மேல் கூடாது என்பது, திரவ வெடிமருந்தால் விமானங்களைத் தகர்க்கும் ஒரு சதி 2006-ல் முறியடிக்கப்பட்டதையொட்டி வந்தது. புதிய ஸ்கேனர்கள் வந்த பிறகுதான் சில விமான நிலையங்களில் அது தளர்ந்தது. ஒவ்வொரு விதியோடும் அதன் காரணத்தையும், மறுபடி பரிசீலிக்கும் தேதியையும் சேர்த்தே அச்சிட வேண்டும் என்பது என் கோரிக்கை. காரணம் எழுத முடியாத விதி, கேட்கிறவரிடம் வெறும் அதட்டலாகத்தான் போய்ச் சேரும். அப்படி நாலு விதியைப் பார்த்தவர் ஐந்தாவதாக வரும் நல்ல விதியையும் நம்ப மாட்டார். பின்வரிசை டாக்டர் கையைத் தூக்கிவிட்டார். உப்பைப் பற்றித்தான் கேட்கப்போகிறார், அவரிடம் ஒலிவாங்கியைக் கொடுங்கள்.